நாலு சென்ரிமீற்றர் மாமனார்

என் கணவருக்கு ஒரு வியாதி இருக்கிறது. எந்தக் காரைக் கண்டாலும் ரயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரலை விட்டுப் பார்ப்பார். கோயில் வாசலில் நிற்கிற கார், செத்த வீட்டுக்கு வந்த கார், டொக்டருடைய கார் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. இரண்டு விரல் போனால் "அழகு" என்பார். நான்கு விரல் போனால் முகத்தைச் சுளிப்பார். எங்கள் காருக்கு நான்கு விரலும் போய்ப் பெருவிரலுக்கும் இடம் மிஞ்சும்.

"இஞ்சை பாரும் ஆரபி," என்பார் என்னிடம். "வெள்ளத்துக்கு இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆள் மாதிரி எல்லோ நிக்குது."

எனக்கு அது கார் மாதிரித்தான் நிற்கும். ஆனால் என் கணவர் கஜானனுக்கு அதன் உயரத்தை இறக்கியே ஆகவேண்டும். நெல்லியடிக்காரர், நில அளவைக் கந்தோரில் வேலை. அளக்காமல் எதையும் நம்பமாட்டார், அளந்த பிறகு எவர் சொன்னாலும் கேட்கமாட்டார். இந்த இரண்டு குணத்துக்கும் நடுவில்தான் என் சீவியம் போகிறது.

என் அப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெயர் கனகரத்தினம். சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவர் வீடு. ஆனால் அவரும் என் கணவரும் மூன்று வருஷமாகக் கதைக்காமல் இருந்தார்கள். காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் அழுதேன்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள் அப்பா வீட்டில் விருந்து. கஜானன் அப்போதுதான் காருக்குப் புதுச் சைலன்சர் பூட்டியிருந்தார். வாசலில் கார் வந்து நின்ற சத்தத்தில் மாடு மிரண்டு பால் வாளியை உதைத்துத் தள்ளிவிட்டது. அப்பா பால் வடிகிற வேட்டியோடு வந்து, "தம்பி, மாடு பயந்திட்டுது," என்றார். இவர் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "மாமா, உந்தச் சத்தத்தைக் கேக்கிறதுக்கு ஒரு ரசனை வேணும். மாட்டுக்கு அது இல்லை," என்றார். ஆறு மாதத்தில் பொலிஸ் அந்தச் சைலன்சரைக் கழற்ற வைத்துவிட்டது. கோபத்தைத்தான் ஒருவரும் கழற்றவில்லை.

அன்றிலிருந்து நான் தபால்காரி. பொங்கலுக்கு வருவாரா என்று அப்பா என்னிடம் கேட்பார், நான் இவரிடம் கேட்பேன், வருவேன் என்று இவர் என்னிடம் சொல்வார், நான் அப்பாவிடம் சொல்வேன். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார்கள். எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு பேரும் ஒரு தடவையாவது நேருக்கு நேர் நாலு வார்த்தை கதைக்க வேண்டும்.

இனிக் காருக்கு வருகிறேன். போன ஆவணியில் இவர் குருநகரில் எமில்ராஜ் அண்ணையின் கறாஜுக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"லோயரிங் ஸ்பிரிங் எண்டால் கார் நாலு சென்ரிமீற்றர் இறங்கும், அதோடை சரி," என்றாராம் எமில்ராஜ் அண்ணை. "பிறகு ஏத்தவும் ஏலாது, இறக்கவும் ஏலாது. கொயிலோவர் எண்டால் ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒண்டாய் வரும். முறுக்கி விரும்பின உயரத்துக்கு வைக்கலாம். விலை மட்டும் மூண்டு மடங்கு."

"எங்கடை ஒழுங்கை வாசலிலை ஒரு மதகு இருக்கண்ணை. நல்லா மேடு."

"அப்ப அதுதான் கணக்கு. நாலு இறக்கியும் மதகிலை தட்டாட்டில் ஸ்பிரிங் காணும். தட்டினால் கொயிலோவர்தான்."

"தட்டுமோ தட்டாதோ எண்டு போடமுன்னம் என்னெண்டு அறியிறது?"

எமில்ராஜ் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே, "நாலு ஆக்களை ஏத்தி ஓடிப் பாருமன். பாரம் ஏறினால் கார் தன்பாட்டிலை பதியும்தானே," என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குக் கீழே போய்விட்டாராம். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். என் கணவருக்கு அது வேதவாக்கு.

அன்று பின்னேரமே என்னைக் காருக்குள் இருத்தி, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நிலத்தில் படுத்தார். "நீர் எத்தினை கிலோ?" என்றார்.

"ஐம்பத்தெட்டு," என்றேன். உண்மை எவ்வளவு என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அடுத்த நாள் குணலட்சுமி மாமியையும் ஏற்றினார். மாமி அப்பாவின் தங்கை, எங்கள் பக்கத்து வீடு. கார்க் கதவு திறந்து கிடந்தாலே ஏறி இருக்கிற சாதி. எங்கே போகிறோம் என்று இறங்கும்போதுதான் கேட்பார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் இருக்க, இவர் மறுபடியும் படுத்து அளந்தார். இரண்டரை சென்ரிமீற்றர். எப்போதும் எதையாவது அளக்கிற மனிசன் என்பதால் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இவர் யோசித்தார். இன்னும் ஒன்றரை வேண்டும், அதுவும் முன் சீற்றில். எங்கள் குடும்பத்தில் அப்படியான உடம்பு ஒருவருக்குத்தான் இருந்தது.

"ஆரபி," என்றார் இராச் சாப்பாட்டில். "ஞாயிற்றுக்கிழமை காங்கேசன்துறைக் கடற்கரைக்குப் போவம். மாமாவையும் வரச்சொல்லும்."

அகப்பையை வைத்துவிட்டு நான் கதிரையில் இருந்துவிட்டேன். மாமா என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து மூன்று வருஷம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மனிசன் உள்ளுக்குள் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார் என்று நினைத்து, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் இரண்டு மீன் துண்டு போட்டேன்.

அப்பா கொஞ்சம் பிகு பண்ணினார். "ஆர் ஓடுறது?" என்றார்.

"இவர்தான்."

"நான் பின்னுக்கோ இருக்கிறது?"

"இல்லை அப்பா. நீங்கள் கட்டாயம் முன் சீற்றிலைதானாம் இருக்கவேணும். ரெண்டு தரம் சொன்னவர்."

அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டார். "மரியாதை தெரிஞ்ச பெடியன்தான். அண்டைக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிப்போட்டார்போலை," என்றார். ஆனால் அதை இவரிடம் சொல்லச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னால் அப்பாவும் இவரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு. பின்னால் நானும் மாமியும்.

"பிள்ளை, முன்னாலை மாடு ஒண்டு வருதெண்டு சொல்லு," என்றார் அப்பா.

"இஞ்சாருங்கோ, மாடு வருதாம்," என்றேன்.

"கண்டனான் எண்டு சொல்லும்."

"கண்டவராம் அப்பா."

அதற்குள் மாடு தெருவைக் கடந்து, அந்தப் பக்கத்து வேலிக் கதியாலின் இலையைத் தின்னத் தொடங்கிவிட்டது.

ஒழுங்கை வாசலில் மதகு வந்ததும் இவர் பாதி ஏறிய காரை நிறுத்தி, இறங்கி, நிலத்தில் படுத்துக் கீழே பார்த்தார். பிறகு ஊர்ந்து ஓட்டிக் கடந்தார். ரயில் கடவையிலும் அப்படியே. அப்பா வியந்துபோய்விட்டார். "இவ்வளவு கவனமாய் ஓடுற ஆளை நான் காணேல்லை. சொல்லு பிள்ளை," என்றார். நான் சொன்னேன். இவருடைய காது சிவந்தது. வெட்கம் என்று நினைத்து எனக்கு அவர்மேல் இன்னும் பாசமாகிவிட்டது.

ஒரு தடவை அளந்தது அளவில்லை என்பது நில அளவைக் கந்தோரின் கொள்கை. அதனால் நான்கு ஞாயிறு போனோம். அப்பா புதுச் சேட் தைப்பித்தார். மூன்றாம் ஞாயிறு மருமகனுக்கென்று ஒரு மூட்டை கத்தரிக்காய் கொண்டுவந்து பின்னால் ஏற்றினார். இவர் பதறிப்போய் அதை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார். "கத்தரிக்காய் வெயிலிலை வாடிப்போமெண்டு பாக்கிறார்," என்று அப்பா மாமியிடம் பெருமைப்பட்டார்.

நாலாம் ஞாயிறு. கார் மதகில் ஏறி நின்றது. இவர் வழமைபோலப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். கண்ணில் வெயில் குத்த, அப்பா தலைக்கு மேலே இருக்கிற மறைப்பைக் கீழே இழுத்தார். ஒரு கடதாசி மடியில் விழுந்தது. கண்ணாடி கொண்டுவராததால் அப்பா அதைப் பின்னால் நீட்டினார். மாமி வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

"முன் இடது, கனகரத்தினம், தொண்ணூற்றிநாலு. பின் இடது, குணலட்சுமி, எண்பத்திரண்டு. பின் வலது, ஆரபி, ஐம்பத்தெட்டு, பக்கத்திலை 'சந்தேகம்' எண்டு போட்டிருக்கு. பதிந்தது நாலு சென்ரிமீற்றர். மதகு தட்டவில்லை. ஸ்பிரிங் போதும்."

மாமி கடதாசியை மடியில் வைத்து, "எண்பத்திரண்டு எண்டு ஆர் சொன்னது? கிளினிக்கிலை எழுபத்தொன்பது," என்றார்.

இவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எமில்ராஜ் அண்ணை, ஸ்பிரிங், கொயிலோவர், மூன்று மடங்கு, எல்லாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு என் அப்பாவைக் கூப்பிட்டது பாசம் இல்லை, தொண்ணூற்றிநாலு கிலோ. நான் போட்ட இரண்டு மீன் துண்டும் எனக்கு நினைவுக்கு வந்தது.

"பாரம்தான் வேணுமெண்டால் வெங்காய மூட்டை ஏத்தியிருக்கலாமே," என்றேன்.

"மூட்டை சீற்றிலை நேரா இராது. சரிஞ்சால் அளவு பிழைச்சிடும்," என்றார். அந்த நேரத்திலும் அந்த மனிசனுக்கு அளவு.

அப்பா தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அவரிட்டைக் கேள்," என்று தொடங்கினார்.

"கேக்கமாட்டன்," என்றேன். "மூண்டு வருஷமாச் சொல்லிச் சொல்லி என்ரை வாய் நோகுது. அவர் உங்களுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறார். கேக்கிறதெண்டால் நீங்களே கேளுங்கோ. இல்லாட்டில் இறங்கி நடவுங்கோ."

அப்பாவிடம் நான் அப்படிக் கதைத்ததே இல்லை. அவர் இறங்கிப் போய்விடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்பா மதகையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உந்த ஸ்பிரிங் போட்டால், ஆக்கள் ஏறாமலே நாலு பதியுமோ?" என்றார் கடைசியில்.

கேள்வி யாருக்கு என்று தெரியாமல் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யன்னலால் வெளியே பார்த்தேன்.

"ஓம் மாமா," என்றார்.

"இப்ப நாங்கள் ஏறி நாலு பதிஞ்சிருக்கு. மதகுக்கும் காருக்கும் இடையிலை எவ்வளவு இருக்கு?"

"மூண்டு சென்ரிமீற்றர்."

"அப்ப ஸ்பிரிங்கையும் போட்டு, நாங்களும் ஏறினால்?"

நான்கு ஞாயிறு, அத்தனை மதகு, அத்தனை தரம் நிலத்தில் படுத்தது. இந்த ஒரு கணக்கை மனிசன் போடவே இல்லை.

"தட்டும், மாமா."

"அப்ப தம்பி," என்றார் அப்பா, "நான் எங்கை இருக்கிறது?"

கோபமாகக் கேட்கவில்லை. பந்தியில் தனக்கு இலை போடவில்லை என்று கண்ட ஆள் கேட்பதுபோல மெல்லத்தான் கேட்டார். இவர் ஸ்ரியரிங்கில் இருந்து கையை எடுத்தார்.

"நான் அதை யோசிக்கேல்லை மாமா. ஸ்பிரிங் வேண்டாம். கார் இப்பிடியே நிக்கட்டும்." அப்பா பக்கம் திரும்பி, "மாட்டைப் பற்றிச் சொன்னதும் பிழைதான்," என்றார்.

இரண்டு விரல் இடைவெளிக்காக ஊரெல்லாம் குனிந்து திரிந்த மனிசன் அதைச் சொன்னார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேண்டாமெண்டு ஆர் சொன்னது?" என்றார் அப்பா. "நான் இருக்கேக்கை தட்டக்கூடாது, அவ்வளவுதான். பின்னுக்கு இருக்கிற ரெண்டும் இறங்கினால் எவ்வளவு எழும்பும்?"

"ரெண்டரை."

"பிறகென்ன, ஒண்டரை மிச்சம் இருக்கே. லொறியிலை வெங்காயம் ஏத்திக்கொண்டு போகேக்கை நாங்கள் மதகுக்கு மதகு மூட்டையை இறக்கி ஏத்தினனாங்கள். மதகு வரேக்கை இவையள் ரெண்டு பேரும் இறங்கி நடக்கட்டும்."

"கொயிலோவர் போட்டால் ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை மாமா. ஆனால் மூண்டு மடங்கு."

"விசர்க் கதை. இவையளுக்குக் கால் இருக்குத்தானே."

இரண்டு வாரத்தில் எமில்ராஜ் அண்ணை ஸ்பிரிங் பூட்டிக் கொடுத்தார். கார் இரண்டு விரலுக்கு நின்றது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னாலேயே அப்பாவும் ஒவ்வொரு ரயருக்கும் குனிந்து விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் ஞாயிறு. மதகடியில் கார் நின்றது. நானும் மாமியும் இறங்கினோம். "எழுபத்தொன்பது கிலோவுக்கு இதுதான் மரியாதை," என்று மாமி முணுமுணுத்தார். கார் மதகில் ஏறி, ஒரு சத்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கியது. காரின் பின் கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பா ஒரு கையை நீட்டி நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுத்து ஏதோ சொன்னார். அப்பா அதற்கும் ஏதோ சொன்னார்.

நாங்கள் மதகைக் கடந்து வந்தபோது கார் அங்கே நிற்கவில்லை. பெரிய தெருவில் ஏறி, சிக்னல் போட்டுத் திரும்பி, காங்கேசன்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"எங்களை மறந்திட்டாங்கள்," என்றார் மாமி. "போன் எடு பிள்ளை, நிப்பாட்டச் சொல்லு."

போன் கையில்தான் இருந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்தேன்.

"கொஞ்சம் பொறுப்பம் மாமி," என்றேன். "அவையள் கதைச்சு முடிக்கட்டும்."