ஏழு சென்டிமீட்டர்

மெயின்டனன்ஸ்காரருக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படியொரு வயிற்றெரிச்சல். அச்சகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் வேலைக்கு ப்ராஜெக்ட் மேனேஜராக முதலாளி அறிவித்தது அவரை அல்ல, அவருடைய சகலையை. மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். வேலையில்லாமல் திரிந்தவனை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டதே இவர்தான். வீட்டில் "அண்ணா, அண்ணா" என்று குழைபவன், கூட்டத்தில் "சார், உங்க வேலை எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்கிறான். அந்த "சார்" இவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

வீட்டுக்குப் போனாலும் நிம்மதி இல்லை.

"தங்கச்சி சொன்னா, இது தேதி தவறாம முடிஞ்சா அவரையே ஃபேக்டரி மேனேஜராப் போட்டுடுவாங்களாம்" என்றாள் மனைவி.

"போடட்டும். தலைல கிரீடமும் வைக்கட்டும்."

பத்து வருடமாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி அது.

சகலை அலுவலகச் சுவரை அடைத்து ஓர் அட்டவணை ஒட்டியிருந்தான். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும், யார் பொறுப்பு, என்ன தேதி, எல்லாம் கலர் கலராக. பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். இவருக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் பட்டது. அதைவிட எரிச்சல் மூட்டியது அவன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ரிஸ்க் பட்டியல். முன்பெல்லாம் பிரச்சினையைச் சொன்னவன் தலையிலேயே அது விடியும். அதனால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். சகலை அதை மாற்றினான். "எது கண்ணுல பட்டாலும் எழுதுங்க. கண்டுபிடிச்சது உங்க பேர்ல நிக்கும். சரிபண்றது என் பாடு."

ஒரு நாள் புதுக் கட்டடத்துக் குழாய்களைப் பார்க்கப் போனவர், போகிற போக்கில் மெஷின் ஹாலின் வாசலில் டேப்பை வைத்தார். வரவிருக்கும் அச்சு இயந்திரத்தின் அகலம் 235 சென்டிமீட்டர். வரைபடத்தில் வாசல் 240. ஆனால் இரும்புச் சட்டம் பொருத்திய பிறகு மிஞ்சியது 228. எல்லாரும் வரைபடத்தை நம்பிக்கொண்டிருக்க, ஒருவரும் வாசலை அளக்கவில்லை. இன்னொரு தடவை அளந்தார். அதே 228.

இதைப் பட்டியலில் ஏற்ற ஒரு நிமிடம் போதும். ஏற்றவில்லை. பெரிய மேனேஜர்தானே, அவனே கண்டுபிடிக்கட்டும். இயந்திரம் வாசலில் முட்டி நிற்க, முதலாளி கத்த, சகலை திருதிருவென்று விழிப்பதை நினைத்தபோது உள்ளம் குளிர்ந்தது.

அடுத்தடுத்து மூன்று கூட்டங்களிலும் சகலை கடைசியாக இவர் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டான்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார் மூன்று தடவையும்.

இயந்திரம் வந்த காலையில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். வாசலில் சட்டமே இல்லை. முந்தின நாள் கழற்றியிருக்கிறார்கள். இயந்திரம் இரண்டு பக்கமும் இடம் விட்டுச் சாவகாசமாக உள்ளே போயிற்று.

முதலாளி வந்து முதுகில் தட்டினார். "நீங்க பார்க்கலைன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்யா!" கையிலிருந்த பட்டியலை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். வாசல் ஏழு சென்டிமீட்டர் குறைவு. கண்டுபிடித்தவர், மெயின்டனன்ஸ். கூட்டம் கைதட்டியது. இவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சகலையைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "யாரு எழுதினது?"

"நான்தாண்ணா."

"எனக்குத் தெரியும்னு உனக்கு யாரு சொன்னா?"

"வாசல் பக்கத்துச் சுவத்துல 228னு பென்சில்ல எழுதி, தேதியும் போட்டிருந்தீங்களே. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

அளந்ததும் சுவரில் குறிப்பது அவருக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். மனம் மறைத்ததைக் கை தன்பாட்டில் எழுதியிருக்கிறது.

"எப்ப பார்த்தே?"

"நீங்க அளந்ததுக்கு மறுநாள்."

"அப்புறம் ஏன் மூணு வாரம் வாயத் திறக்கலை?"

"சட்டத்தைக் கழட்ட வெல்டர்கிட்ட அன்னைக்கே சொல்லி வச்சுட்டேன். பட்டியல்ல நீங்களே எழுதுவீங்கன்னு இருந்தேன். தினம் காலைல வந்ததும் அதைத்தான் முதல்ல திறப்பேன். முந்தாநாள் வரைக்கும் பார்த்தேன்ணா." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். "வீட்டுல எதுவும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்ட பக்கம் போனான்.

சாயங்காலம் மனைவி முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தாள். "தங்கச்சி போன் பண்ணா! நீங்க இல்லேன்னா மெஷினே உள்ள போயிருக்காதாமே? அவரே சொன்னாராம்."

அவன் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்த வரிக்கு நேரே யார் பெயரை எழுதியிருப்போம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சகலைமேல் இதுவரை பட்ட பொறாமையெல்லாம் இப்போது படுவதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"நிஜமாவா?" என்றாள் மனைவி.

"ஆமா" என்றார்.