கூட்டத்தில் ஒருத்தி சிரிக்கிறாள்

1

இந்தக் கதை ஒரு டயர் கடையில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் சொல்லத்தான் ஆசை. என்ன செய்வது, என் வண்டியின் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. டுவேன் பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை அவன் கடையின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே டிவியில் எப்போதும் கௌபாய் படம்தான் ஓடும். சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருப்பான்.

அன்றைக்கு ஓடியது வாழ்க்கை வரலாற்றுப் படம். கான்சாஸில் மெட்லாக் என்ற ஊரை ஒற்றை ஆளாக அடக்கிய மார்ஷல் ஏசா வெதரெல்லின் கதை. இந்த வகைப் படம் உங்களுக்கும் பழக்கம்தான். முதலிலேயே ‘இது உண்மைக் கதை’ என்று எழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் உண்மை அந்தப் பக்கம் தலைகாட்டாது. மார்ஷலுக்கு மீசை இருக்கும், மனசாட்சி இருக்கும், மதுக்கடையில் பாடுகிற ஒரு காதலி இருப்பாள். கடைசியில் உச்சி வெயிலில் நடுத்தெருவில் வில்லன் சுருண்டு விழுவான். ஊரே மூச்சடக்கி நிற்கும்.

ஊரே நின்றது, ஒருத்தியைத் தவிர. கூட்டத்தின் இரண்டாம் வரிசையில், பூப்போட்ட தொப்பியோடு ஒரு வயதான அம்மாள், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டுவேன், இங்க வாயேன். அந்தம்மா ஏன் சிரிக்குறாங்க?”

“எந்தம்மா? நான் இந்தப் படத்த இருபது தடவ பாத்திருக்கேன், அப்படியெல்லாம் யாரும்…” பக்கத்தில் வந்து பார்த்தான். “அட, ஆமா! நாசமாப் போச்சு போ. இனிமே இந்தப் படத்த நான் எப்படிய்யா ஒழுங்காப் பாப்பேன்?”

அவன் நிம்மதியைக் கெடுத்தாயிற்று. இனி உங்களுடையது.

2

முதல் தொடக்கம்: ‘1938. அரிசோனாவின் செம்பாறைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்ல…’ சூரியனை எழுப்பிவிட்டுத் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன். அடித்தாயிற்று.

இரண்டாவது: ‘ஐடா டென்னி தன் கணவனைத் தன் உள்ளங்கையைப் போல அறிந்தவள் என்று…’ இது ரொம்ப சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது: ‘ஐடா டென்னி சினிமாவில் நடிக்கப் போனது ஒரு ஹாம் சாண்ட்விச்சுக்காக.’

இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

3

ஐடா டென்னி சினிமாவில் நடிக்கப் போனது ஒரு ஹாம் சாண்ட்விச்சுக்காக. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு மதியச் சாப்பாடு இலவசம் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரி சொல்லியிருந்தாள். ஐடாவுக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வருஷமாகத் தன் சமையலைத் தானே சாப்பிட்டு அலுத்திருந்தாள். கணவர் ஆர்வில் வரவில்லை என்றார். அவர் எதற்குமே முதலில் வரவில்லை என்பார், அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

ஆர்வில் டென்னி பீச் பழ மரமும் தேனீயும் வளர்ப்பவர். சாதுவென்றால் அப்படியொரு சாது. அவர்கள் வீட்டுச் சேவல் அவரை முற்றத்தில் விரட்டும், அவரும் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குக் கழுத்தைத் திருகுவது ஐடாதான். அந்த நேரத்தில் அவர் கொட்டகைக்குள் போய் ஏதாவது தேடிக்கொண்டிருப்பார்.*

(*டுவேன் இந்த இடத்தை நான் சொல்லக் கேட்டுவிட்டு, “எங்கப்பாவும் இப்படித்தான்” என்றான். அவன் அப்பா ராணுவத்தில் இருந்தவர். ஆகவே இதைக் கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.)

சினிமாக்காரர்கள் ஊருக்கு வெளியே பலகையில் ஒரு மெட்லாக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் ஓட்டல், வங்கி, மதுக்கடை. பின்பக்கம் வெறும் முட்டுக்கொம்பு. நிஜ மெட்லாக் இருக்கும் கான்சாஸ் தோசைக்கல் போலத் தட்டையானது. இந்த மெட்லாக்குக்குப் பின்னால் ஆளை விழுங்குகிற உயரத்தில் சிவப்பு மலை நின்றது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆர்வில் தெருமுனையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“தண்ணித்தொட்டி இந்தப் பக்கம் வராது. அந்தப் பக்கம், கொல்லன் பட்டறைய ஒட்டி.”

“நீ என்னமோ வாழ்ந்து பாத்தவன் மாதிரிப் பேசுற. கான்சாஸ் மண்ணையே மிதிச்சதில்லன்னு சொல்லுவியே?”

“யாரோ சொல்லக் கேட்டேன்.”

“யாரோ சொன்னது உனக்கு எதுக்கு? சாண்ட்விச் எங்க குடுக்குறாங்கன்னு பாரு.”

(ஒரு வார்த்தை. அவர்கள் மொழியில் ‘நீ’யும் ‘நீங்க’ளும் ஒன்றுதான். தமிழில் நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் கோழிக் கழுத்தைத் திருகியவளுக்கு ‘நீ’ என்று சொல்ல உரிமை இருக்கிறது என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.)

4

காட்சியைச் சொல்லிவிடுகிறேன். மார்ஷல் வெதரெல்லும், பதினோரு கொலை செய்த லான் ஸ்ப்ரேக் என்ற கொள்ளைக்காரனும் தெருவில் எதிரெதிரே நிற்க வேண்டும். துப்பாக்கிச் சண்டையில் ஓட்டலின் கண்ணாடிகள் அத்தனையும் உடைய வேண்டும். சர்க்கரைப் பாகில் ஊற்றிய கண்ணாடிகள் அவை. ஒரே ஒரு வரிசைதான் ஊற்றி வைத்திருந்தார்கள். அதனால் இயக்குநர் ஸ்டால்வெல் ஒலிபெருக்கியில் கத்தினார்: “ஒரே தடவதான் எடுப்போம்! யாரும் தும்மக்கூடக் கூடாது! பதினோரு பேரக் கொன்னவன் சாகுறான், எல்லார் மூஞ்சியிலயும் கிலி தெரியணும்!”

கேமராவுக்குப் பக்கத்தில் உள்ளூர் ஷெரீப் லண்ட் இடுப்பில் கைவைத்து நின்றார். நிஜ ஷெரீப். படப்பிடிப்புக்குக் காவல் என்ற பெயரில் தினமும் வந்து வேடிக்கை பார்ப்பவர்.

சுட்டார்கள். கண்ணாடி கொட்டியது. லான் ஸ்ப்ரேக் மூன்று சுற்றுச் சுற்றி விழுந்தான். மார்ஷல் குனிந்து, தொப்பியைக் கழற்றி, “சட்டம் உனக்காகவும் அழும், மகனே” என்றார்.

ஐடாவின் காதருகே ஆர்வில் முணுமுணுத்தார்.

“அவரு அப்படிச் சொல்லல. ‘அசையாமக் கிட. ஈ உக்காந்தாலும் அசையாத’ன்னாரு.”

“அது உனக்கெப்படித் தெரியும்?”

“கீழ கிடந்தது நான்தானே.”

ஐடா திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் பொய் சொல்லவில்லை. பெருமை அடித்துக்கொள்ளவும் இல்லை. நடிகன் மூன்று சுற்றுச் சுற்றியது பிடிக்காத எரிச்சல் மட்டும்தான் அதில் இருந்தது. பதினோரு பேரைக் கொன்றவன். சேவலுக்குப் பயந்து வேலி ஏறியவன். இரண்டும் ஒரே நேரத்தில் அவள் மனதில் வந்து முட்டிக்கொள்ள, பாவம், அவளால் அடக்க முடியவில்லை.

5

இப்போது நீங்கள் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். ‘அதெப்படி, இவ்வளவு பெரிய நாட்டில், செத்ததாகச் சொல்லப்பட்டவன் குடியிருக்கும் ஊருக்கே அவன் செத்த கதையைப் படமெடுக்க வருவார்கள்?’ நியாயம். தற்செயல்தான், அதுவும் கொஞ்சம் பருத்த தற்செயல். என்னிடம் வேறு சரக்கில்லை. அந்தக் காலத்தில் எந்த ஊர்க் கதையானாலும் படமெடுக்க அரிசோனாவுக்குத்தான் வருவார்கள் என்பதை மட்டும் என் பக்க வாதமாக வைக்கிறேன்.

லான் எப்படிப் பிழைத்தான் என்பது சுலபம். மார்ஷல் வெதரெல்லுக்குக் குறி வராது. இரண்டு குண்டும் ஓட்டல் பலகையைத் துளைத்தன. இருபது வயது லான் பயத்தில் தானே விழுந்தான். ஊர்க்காவல் பதவியைத் தக்கவைக்க மார்ஷலுக்கு மறு மாதம் தேர்தல், ஒரு பிணம் தேவைப்பட்டது. பையனுக்குத் தன் கும்பலிடமிருந்து விடுதலை தேவைப்பட்டது. மார்ஷல் குனிந்தார், பேசினார், பேரம் முடிந்தது. சவப்பெட்டியில் கல்லைப் போட்டுப் புதைத்தார்கள். மார்ஷல் ஜெயித்தார்.

6

“யாரு? சிரிச்சது யாரு?” ஸ்டால்வெல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பின்னாலேயே ஷெரீப் லண்ட். உடைந்த கண்ணாடியை யாரும் ஒட்ட முடியாது, காட்சி அப்படியேதான் படத்தில் போகும். “ஏம்மா, ஒருத்தன் சாகுறான், உங்களுக்கு என்ன சிரிப்பு?”

கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. உயிரோடிருக்கும் லான் ஸ்ப்ரேக் மேல் பதினோரு வழக்கு எழுந்து உட்காரும். ஐடாவுக்கு அது ஒரு நொடியில் உறைத்தது.

அவள் என்ன சொன்னாள்?

அ) “விழுந்த விதம் சரியில்ல” என்றாள். ‘சுடப்பட்டவன் விழுறத நீங்க எங்க பாத்தீங்க?’ என்று ஷெரீப் கேட்பார். வேண்டாம், ஆபத்து.

ஆ) மயங்கி விழுந்தாள். ஐடாவை எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும். அவள் விழ மாட்டாள்.

இ) உண்மையைச் சொன்னாள்.

“நீங்க சுட்டுக் கொன்னது என் வீட்டுக்காரர. இதோ நிக்குறாரு. இவருக்கு எங்க வீட்டுச் சேவலக் கண்டாலே தொட நடுங்கும். சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க?”

தெருவே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் ஷெரீப் லண்ட். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்வில்லின் முதுகில் தட்டினார். “டென்னி, பதினோரு பேரு! தேன் குடுத்தே கொன்னுட்டியாய்யா?” ஸ்டால்வெல்லுக்கும் கோபம் இறங்கிவிட்டது. “பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. கூட்டத்துல நிக்குறதுக்கே உங்க மூஞ்சி கொஞ்சம் சாதுவாத்தான் இருக்கு” என்றார்.

இங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. ஆர்வில்லுக்கு ரோஷம் வந்துவிட்டது! “அந்தக் காலத்துல நான்…” என்று வாயைத் திறந்தார். ஐடா அவர் காலைத் தன் குதிகாலால் ஓங்கி மிதித்தாள்.

(இ)-யை வைத்துக்கொள்கிறேன். யார் கேட்டாலும் மாற்ற மாட்டேன்.

7

இங்கே முடித்திருக்கலாம். டுவேன் முடிக்கத்தான் சொன்னான். “சிரிச்சாச்சு, தப்பிச்சாச்சு, வீட்டுக்கு அனுப்புய்யா.” ஆனால் வீட்டுக்கு அனுப்பினால் வண்டியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டுமே. அங்கே ஐடா சிரிக்கவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“எத்தன பேரக் கொன்ன?”

“ஒருத்தரையும் இல்ல ஐடா. கும்பல் உள்ள போறப்ப நான் வெளிய குதிரையப் பிடிச்சுக்கிட்டு நின்னவன்.”

அதை நம்பினாள். கோழி விஷயம் அவளுக்குத் தெரியாதா.

“டென்னிங்குற பேரு எங்க கெடச்சுது?”

“வழியில ஒரு விதைக் கடைப் பலகையில இருந்துச்சு.”

“ஓஹோ. நாப்பது வருஷமா நான் ஒரு விதைக் கடையக் கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஊருல எல்லாரும் என்ன மிசஸ் விதைக்கடைன்னு கூப்பிட்டிருக்காங்க. ஏன் என்கிட்டகூடச் சொல்லல?”

ஆர்வில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“மொதல்ல பயம். அப்புறம்… நீ ஆர்வில்னு கூப்பிடுறது பிடிச்சுப் போச்சு. இன்னொரு பேரச் சொன்னா அத நிறுத்திருவியோன்னு நெனச்சேன்.”

வீடு வந்தது. அவர் தோட்டத்துப் பக்கம் போனார், அவள் அடுப்படிக்குப் போனாள்.

8

ஐடா மேஜையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறாளா, ஒரு தட்டா என்று நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். இரண்டு.

அதற்குமேல் எனக்குத் தெரியாது. ‘லான்’ என்று அவள் கூப்பிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். அதில் அவள் ஒரு புது ஆளோடு, அறுபத்தாறு வயதில், முதலிலிருந்து தொடங்குகிறாள். ‘ஆர்வில்’ என்று கூப்பிடுவதாக இன்னொன்று. அதில் அவள் நடந்ததைக் கேட்டு, கோபித்து, அப்படியும் தன் ஆளைத் தன்னோடே வைத்துக்கொள்கிறாள். இரண்டும் காலையில் ஒரு மாதிரி இருக்கின்றன, மாலையில் ஒரு மாதிரி. டுவேன், “பேரெதுக்கு, தட்டுல கரண்டியால தட்டச் சொல்லு” என்கிறான். அவனுக்கு விவாகரத்து ஆகி ஏழு வருஷம் ஆகிறது, அவன் பேச்சைக் கேட்க முடியாது.

உருளைக்கிழங்கு வெந்து இறக்கியாயிற்று. அவர் தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எழுபது வயது. கூப்பிடாமல் உள்ளே வர மாட்டார். ஐடா பின்கதவைத் திறந்துவிட்டாள். வாயையும் திறந்துவிட்டாள்.

நீங்களே கூப்பிடுங்கள்.