கட்டி விழுந்த களி

1

இந்தக் கதை சுவருக்கு அப்பாலிருந்து எனக்கு வந்தது. ஓசூரில் நான் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழாமலிருக்க வழியே இல்லை. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். (சரி, கொஞ்சம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் இரண்டாகப் பிளந்த அன்று ராஜாத்தி...'

வேண்டாம். வானம் பிளக்கவில்லை. அடுப்பில் களிதான் கொதித்தது.

2

ராஜாத்தி செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்குப் போக ஆரம்பித்தவள். இயேசுவின் இரகசிய வருகை எந்த நொடியும் நடக்கும், விசுவாசிகள் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் இங்கேயே கிடப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறாள். போர்ச் செய்தியிலிருந்து கம்பெனி வாசலில் முகம் பார்த்து அட்டென்டன்ஸ் போடும் கேமரா வரைக்கும் எல்லாமே கடைசிக் காலத்தின் அடையாளம் என்கிறார் யூடியூப் போதகர். அவள் கேமராவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு, ஒரு ஸ்தோத்திரமும் சொல்லிக்கொள்வாள். சம்பளம் வேண்டுமே!

புருஷன் முத்துமணி ஞானஸ்நானம் வாங்கவில்லை. ஆக, அவன் இங்கேயேதான். அவளுக்கு அதில் ஒரே கவலை: தான் போனபின் அவன் என்ன சாப்பிடுவான்?

3

"மாமா, ராகி மாவைக் கொட்டிட்டு வேடிக்கை பாக்காத. கட்டி விழுது பாரு. நான் போயிட்டா யாரு கிண்டித் தருவா?"

"போற அன்னிக்குப் பாத்துக்கலாம்."

"சொல்லிட்டா போவேன்?"

தினமும் பாடம், தினமும் கட்டி. (ஒரு மனிதனுக்கு இவ்வளவு நாளாகவா களி வராது? இந்த இடத்தில் கதாபாத்திரம் எனக்கே உதைத்தது. அவனை மாற்றி எழுதப் பார்த்தேன்.)

4

போன ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குப் போயிருந்தபோது, முத்துமணி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். தட்டில் களி. வழவழவென்று, ஒரு கட்டி இல்லை.

"யாருப்பா கிண்டினது?"

"நான்தான் சார். சின்ன வயசுலருந்தே கிண்டுவேன்." குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிராதீங்க. எனக்குச் சமைக்க வந்துருச்சின்னா அவ நிம்மதியாப் போயிருவா."

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

5

முடிவு ஒன்று: அவனும் ஞானஸ்நானம் வாங்கி, இருவரும் சேர்ந்தே...

முடிவு இரண்டு: வருகையாவது ஒன்றாவது, இருவரும் கிழவன் கிழவியாகி...

இரண்டையும் அடித்துவிட்டேன். காரணம், இன்று காலை சுவருக்கு அப்பால் கேட்ட ராஜாத்தியின் ஜெபம்:

"ஆண்டவரே, நான் ஆயத்தமாத்தான் இருக்கேன். ஆனா மாமா இன்னும் களி கிண்டக் கத்துக்கல. கொஞ்சம் பொறுத்து வாரும்."

உலகம் இன்னும் ஏன் முடியவில்லை என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அவளிடம் உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு. நான் வாயைத் திறக்கமாட்டேன்.