புதன்கிழமைக் கத்தி

ஷெஃபீல்டில் டிராம் ஓட்டும் ரோலண்ட் பிராம்ஹால் அந்தப் பெட்டியை வாங்கியது, கார் டிக்கிகளைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். வீட்டில் ஏற்கெனவே நூற்றுப் பதினெட்டு மடக்குச் சவரக்கத்திகள் இருந்தன. தினமும் அவற்றில் ஒன்றை எடுத்துத்தான் முகம் வழிப்பான். "மேஜை இழுப்பறைங்கள்ல ஒண்ணையாவது எனக்கு விட்டு வைப்பா" என்று மனைவி லோர்னா கேட்டு இரண்டு வருஷமாகிறது.

ஆனால் இது வேறு மாதிரிப் பெட்டி. கறுத்த மரம், உள்ளே நிறம் போன வெல்வெட், அதில் வரிசையாக ஏழு கத்திகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர் தங்க எழுத்தில். இரும்புக்கும் ஓய்வு வேண்டும் என்று நம்பியவர்கள் நாளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்ட கத்திகள். மூடியில் பித்தளைத் தகடு: ஏ. டர்ட்டன், 1936.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் பழைய துணி விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்தான். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஆறு கத்திகள் நன்றாக உழைத்தவை. தீட்டுக்கல்லில் உரசி உரசி முதுகு தட்டையாகியிருந்தது, எழுத்து பாதி அழிந்திருந்தது. புதன்கிழமை மட்டும் புத்தம் புதுசு. கல்லையும் பார்த்ததில்லை, கன்னத்தையும் பார்த்ததில்லை. சந்தேகத்தில் எல்லாவற்றின் அகலத்தையும் அளந்தான். உழைத்த ஆறில் ஐந்து ஏறக்குறைய ஒரே அளவு. செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறுகியிருந்தது.

"லோர்னா, இங்க வாயேன். இந்த ஆளு புதன்கிழமை ஷேவே பண்ணல."

"சோம்பேறியா இருந்திருப்பான்."

"வாராவாரமா? முப்பது நாப்பது வருஷமா?"

"அப்ப புதன்கிழமை முத்தம் கிடையாதுன்னு வீட்டுல சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு லோர்னா டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

ரோலண்டுக்கு மனசு அடங்கவில்லை. டிராமை ஓட்டிக்கொண்டே யோசித்தான். ஏதாவது வேண்டுதலோ? புதனன்று சலூனுக்குப் போய்விடுவாரோ? அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஏன் மெலிய வேண்டும்? ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறக்க மறந்து, உள்ளேயிருந்தவர்கள் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு முதல் வேலையாக, பெட்டி விற்றவனைத் தேடிப் பிடித்தான். "ஹீலி பக்கம் ஒரு அம்மா. பெரிய வீட்டை விட்டுட்டு ஃபிளாட்டுக்குப் போனாங்க. அவங்க அப்பாவோட பெட்டியாம். ஹில்டா டர்ட்டன்" என்றான் அவன், முகவரியை எழுதிக் கொடுத்தபடி. "வாய் ஜாஸ்தி. பாத்துப் போ."

ஹில்டா டர்ட்டனுக்கு எண்பத்து நான்கு வயது. கதவுச் சங்கிலியை எடுக்காமலே அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். சட்டையில் குத்தியிருந்த ஆந்தைச் சின்னத்தில் வந்து பார்வை நின்றது.

"அந்தப் பறவையக் கழட்டிப் பையில போடு, கண்ணு. அப்புறம் உள்ள வா."

அவளுக்குப் பின்னால் சுவரில் சிவப்பும் வெள்ளையுமாகக் கழுத்துத் துண்டு ஒன்று தொங்கியது. ரோலண்டுக்குப் புரிந்துவிட்டது. ஷெஃபீல்டில் கால்பந்துக் குழுக்கள் இரண்டு. சிவப்பு வெள்ளை, யுனைடெட். நீலமும் வெள்ளையும் ஆந்தையும், வெட்னஸ்டே. புதன்கிழமைகளில் விளையாடியவர்கள் தொடங்கியதால் குழுவுக்கும் அந்தக் கிழமையின் பேரே. ஊரில் பிறக்கிற ஒவ்வொருவரும் இதில் ஒரு கட்சி. ரோலண்ட் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆந்தைதான்.

ஆந்தையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியை மேஜைமேல் திறந்து வைத்தான். "மிஸ் டர்ட்டன், உங்க அப்பா ஏன் புதன்கிழமை ஷேவ் பண்ணல?"

கிழவி இருமல் வருமளவுக்குச் சிரித்தாள். "யார் சொன்னா? பண்ணினாரே! செவ்வாய்க்கிழமைக் கத்தியாலயே பண்ணினார்."

ரோலண்ட் மெலிந்துபோன செவ்வாய்க்கிழமையை எடுத்துப் பார்த்தான்.

"எங்கம்மா வீடு உன் கட்சி. கல்யாணத்துக்கு மாமனார் குடுத்த பரிசு இது. வேணும்னேதான் குடுத்தாருன்னு தெருவுக்கே தெரியும். 'அந்தப் பேரு எழுதினது என் கன்னத்துல படக் கூடாது'ன்னுட்டாரு அப்பா. அம்மா விடுவாங்களா? 'ஏழுலயும் அதுதான் உசத்தி, உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல'ன்னு புதன் தவறாமச் சொல்லுவாங்க. முப்பத்தெட்டு வருஷம். அப்பா போற வரைக்கும் தீரல."

ரோலண்ட் புதன்கிழமையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "நிஜமாவே உசத்தியா?"

"எனக்கெப்படித் தெரியும்? தாடியா வளருது எனக்கு?" பிறகு கண்ணைச் சுருக்கினாள். "நீ தீட்டிட்டு வாயேன். ஒரு கன்னத்துக்கு இது, ஒரு கன்னத்துக்கு அப்பாவோட செவ்வாய். எது எங்கன்னு சொல்லாத. நான் தொட்டுச் சொல்றேன்."

இரண்டு சாயங்காலங்கள் ஆயின. எண்பத்துச் சொச்சம் வருஷம் தூங்கிய இரும்பு லேசில் மசியவில்லை. முதலில் முரட்டுக் கல், அப்புறம் வழவழத்த கல், கடைசியில் தோல்வார். முன்கை மயிர் ஒன்று, பட்ட மாத்திரத்தில் துண்டாகி விழுந்தபோது கையை நிறுத்தினான். செவ்வாய்க்கிழமையையும் அதே கல்லில், அதே பதத்துக்குக் கொண்டுவந்தான். ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

சனிக்கிழமை காலை நுரை போட்டுக்கொண்டு வலது கன்னத்தைச் செவ்வாயால் வழித்தான். மெலிந்த அலகு கரகரவென்று பாடிக்கொண்டே போயிற்று. இடது கன்னத்தில் புதன், கொஞ்சம் கனமாக, சத்தமே இல்லாமல் இறங்கியது. கழுவித் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தான். அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. லோர்னாவைக் கேட்கலாமா என்று நினைத்து, வேண்டாமென்று பஸ் ஏறிவிட்டான்.

ஹில்டா வெந்நீரில் கை கழுவினாள். அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் கன்னங்களில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் தாடையோரம் இறங்கின, காதுக்குக் கீழே நின்றன, மறுபடி ஏறின.

"இது" என்று இடது கன்னத்தைத் தட்டினாள். "வெண்ணெயாட்டம் இருக்கு. அப்பாவோடதுதானே?"

"இல்லைங்க. புதன்."

கை கன்னத்திலேயே இருந்தது. "இன்னொரு தடவை" என்றாள். தொட்டாள். மறுபடியும் இடதுதான். நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "முப்பத்தெட்டு வருஷம்! அப்பா, கேக்குதா?" என்றவள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பக்கம் நின்னுதான் தொட்டேன், தெரியுமா. அம்மா சும்மா வம்புக்குச் சொல்றாங்கன்னே நினைச்சிட்டிருந்தேன்."

ரோலண்ட் பெட்டியைத் திறந்தான். ஏழில் ஒன்று குறைந்தால் இந்த மாதிரிப் பெட்டியைச் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் புதன்கிழமையை எடுத்து மடக்கி அவள் பக்கம் நகர்த்தினான்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"இந்த வீட்டுக்குள்ளயா? அந்தப் பேரா?" ஹில்டா அதை முறைத்தாள். ஆனால் கை தானாக நீண்டது. "சரி, அம்மா போட்டோவுக்குப் பின்னால வைக்கிறேன். வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாத, கண்ணு."

அவனுக்கு டீயும் இஞ்சிக் கேக்கும் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். பக்கத்து ஊரான ராதர்ஹாமில் இருந்த தம்பிக்கு. அவனும் பரம்பரை யுனைடெட்.

"ரெஜ்ஜி, நிக்கிறியா உக்காந்திருக்கியா? உக்காரு. நம்ம அப்பாவைப் பத்தி ஒரு கெட்ட சேதி."