பதினேழாம் சீட்டு

வியாழக்கிழமைச் சீட்டுகளில் பதினாறைப் பார்த்து முடித்துவிட்டுப் பதினேழாவதைப் பிரித்தபோது ஷேக் ஜவாத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சீட்டில் எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. எந்தச் சீட்டிலும் இருக்காது. இறைவனின் விருப்பம் அறிய இஸ்திகாரா கேட்பவர் கேள்வியைத் தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு வெறும் சீட்டைத்தான் அனுப்புவார். பார்த்துச் சொல்கிறவருக்குக் கேள்வி தெரிய வேண்டியதில்லை, தெரியவும் கூடாது. ஷேக் கண்ணை மூடி நபிக்கு ஸலவாத் சொல்லி, கர்பலா மண்ணில் செய்த தஸ்பீஹ் மாலையில் ஒரு பகுதியை இரண்டு கையாலும் பிடிப்பார். கைகளுக்கிடையில் அகப்பட்ட மணிகளை இரண்டிரண்டாகத் தள்ளுவார். கடைசியில் ஒற்றை மிஞ்சினால் ‘நல்லது’. இரட்டை மிஞ்சினால் ‘வேண்டாம்’. அதை எழுதிப் பலகார டப்பாவில் போட்டுவிட்டால், மேலே எங்கோ ஒருத்தி மகளுக்குச் சம்பந்தம் பேசுவாள், ஒருவன் கடையை விற்பான், இன்னொருவன் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவான்.

அவரை நிறுத்தியது தாள்தான். சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள், இடது ஓரம் கம்பியிலிருந்து கிழிந்து பல் பல்லாக நின்றது. அந்த நோட்டு உலகத்திலேயே ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நிலவறையில் ஒன்றுதான். தினமும் காலையில் அவருடைய ரத்த அழுத்தத்தை அளந்து அதில்தான் இன்ஸாஃப் எழுதிவைக்கிறாள். முப்பத்தாறு வருஷ மனைவி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பவள், ஊர்க்காரிகளின் சீட்டுகளோடு தன் சீட்டையும் சேர்த்து மூத்த காவலர் ஹாஜ் வஜீஹிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். பன்னிரண்டு அடிதான் தூரம்.

கேள்வி என்ன என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஸூர் நகரத்தில் மகள் பதூலுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூத்த குழந்தைக்கு மூன்றரை வயது. தாத்தா தொலைக்காட்சியில் பேச வந்தால் திரையில் போய் முத்தம் கொடுக்கிறதாம். “உங்களையாவது டிவியில பார்க்குறா, என்னை எதுல பார்ப்பா?” என்று போன மாதம் இன்ஸாஃப் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் எடுக்காமல் விட்ட பேச்சுகள்தான் அவரை எப்போதும் பயமுறுத்தும்.

‘ஆறு மாசம் ஒளிஞ்சிருந்தாப் போதும்’ என்று சொல்லித்தான் அவளை இங்கே கூட்டிவந்தார். நாலு வருஷம் ஆகிறது. மூன்று அறை, ஒரு சமையலறை, காற்றை உள்ளே இழுக்கும் இயந்திரத்தின் ஓயாத இரைச்சல். ஜன்னல் இல்லை, ஆனால் ஒரு சுவரில் திரைச்சீலை தொங்கியது. அவர் உரை நிகழ்த்தும்போது பின்னால் ஜன்னல் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்று படம் பிடிப்பவர்கள் மாட்டியது. முதல் வருஷம் இன்ஸாஃப் தினமும் காலையில் அந்தச் சீலையை ஒதுக்கி, பின்னால் இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கும் மேகமூட்டம்தான்” என்பாள். இப்போது சொல்வதில்லை. அவர் பேசினால் வெளியே மைதானத்தில் லட்சம் பேர் கை உயர்த்திக் கத்துவார்கள். இங்கே எதிரில், கூடவே தங்கியிருக்கும் காமிராக்காரன் ஒருவன் மட்டும் மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

வெளியே போக யாரும் தடுக்கப்போவதில்லை. திரும்பி வரத்தான் முடியாது. இந்த இடத்திலிருந்து வெளியேறிய யாரும் மறுபடி இங்கே வரக்கூடாது, அவர் இருக்கும் வேறெந்த இடத்துக்கும் வரக்கூடாது. தாயின் ஜனாஸாவுக்குப் போய்வந்த சமையல்காரன் ஒருவனை எதிரிகள் பின்தொடர்ந்து வந்து குண்டு போட்டார்கள். காவலர் இரண்டு பேர் போனார்கள். அந்த வாரமே விதி எழுதப்பட்டது. எழுதிக் கையெழுத்துப் போட்டவர் ஷேக் ஜவாத். தன் மனைவிக்கு மட்டும் அதைத் தளர்த்தினால், பெண்டாட்டி முகத்தைக் கூடப் பார்க்காமல் வருஷக்கணக்காகக் காவல் நிற்கிற பையன்களின் கண்ணை அவர் எப்படிப் பார்ப்பார்? போனால் போனதுதான். அவர் செத்தால் தொலைக்காட்சியில் பார்த்து அவள் தெரிந்துகொள்வாள்.

சீட்டைத் திரும்பக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தார். சொந்தக் காரணம் சொல்லி எந்தச் சீட்டையும் அவர் இதுவரை திருப்பியதில்லை. மாலையைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். பிறகு, இந்த மாதிரி நேரங்களில் எங்கிருந்தோ நினைவில் வந்து உட்கார்ந்துகொள்கிற உம்மு நஸீஹ் அன்றும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, ஐன் ஸைத்தூன் கிராமத்தில் அவருடைய வீட்டு முன்னறை. உம்மு நஸீஹ் புகையிலைக் கறை படிந்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, “ஒரு நிய்யத் இருக்கு மௌலானா, பார்த்துச் சொல்லுங்க” என்றாள். மனதில் வைத்திருந்த அந்த நிய்யத் என்ன என்று ஊருக்கே தெரியும். அவள் தம்பி கடல் தாண்டி அபிஜானிலிருந்து வந்திருந்தான், மகன் நஸீஹைத் தன் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் படம் எடுத்த உறை அவள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நஸீஹ் ஷேக்கின் இயக்கத்தில் ரேடியோக்காரன். பத்தொன்பது வயது. அவனைப் போல வேலை தெரிந்தவன் அந்த மலைப்பகுதியில் இன்னொருவன் இல்லை. ஷேக் மாலையைப் பிடித்தார். இரண்டிரண்டாகத் தள்ளினார். ஒற்றை மிஞ்சியது.

பிடி நழுவிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி பிடித்தார். இரட்டை.

“வேண்டாம், உம்மு நஸீஹ்” என்றார்.

பிடி நழுவவில்லை. இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. பதினோரு மாதம் கழித்து நஸீஹைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், முழுதாகக் கூட இல்லை. நாற்பதாம் நாள் மஜ்லிஸில் உம்மு நஸீஹ் அவரைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அவருடைய அங்கியின் ஓரத்தைப் பிடித்து முத்தமிட்டு, “நீங்க வேணாம்னு சொன்னது எவ்வளவு சரி மௌலானா! அங்க போயிருந்தா ஏதாவது காய்ச்சல்ல அநாதையாச் செத்திருப்பான். இங்க போராடி ஷஹீதாப் போனான்” என்றாள். அன்று வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தார். அடுத்த வாரமே மேடையேறிப் பேசினார். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை, எத்தனையோ நஸீஹ்கள். அவர்களை அனுப்பியதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது, ஆதாரம் இருந்தது, வசனம் இருந்தது. அந்த ஒரு பிடிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனார். பருப்புச் சோறான முஜத்தராவுக்கு வெங்காயம் சிவந்துகொண்டிருந்தது. இந்த வாடை மூன்று நாளைக்குப் போகாது என்று ஹாஜ் வஜீஹ் வாராவாரம் புலம்புவார். வாராவாரம் இரண்டு தட்டு சாப்பிடுவார்.

“பதூலுக்கு நாள் நெருங்குது இல்ல?” என்றார் ஷேக்.

“பதினஞ்சு நாள்.”

குழல்விளக்குக்குக் கீழே வெளுத்துப்போன துளசித் தொட்டியை ஒரு தரம் திருப்பி வைத்தார். இன்ஸாஃப் அதைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

“மனசுல ஏதாவது வச்சிருக்கியா?”

“இப்போதைக்கு வெங்காயம் கருகக் கூடாதேன்னு வச்சிருக்கேன்.”

“விளையாடாதே இன்ஸாஃப். பொதுவாச் சொல்றேன். ஒருத்தர் ‘போகட்டுமா’ன்னும் கேக்கலாம், ‘இருக்கட்டுமா’ன்னும் கேக்கலாம். ரெண்டுக்கும் ‘நல்லது’ன்னு வந்தா அர்த்தம் வேற வேற இல்லையா? கேக்கறவங்க எப்படிக் கேட்டாங்கன்னு தெரிஞ்சா…”

“தெரிஞ்சா?”

மறுபடி தொட்டியில் கை வைத்தார்.

“நிய்யத்தைத் தோண்டக் கூடாதுன்னு ஊர் ஊரா மிம்பர் மேடையில ஏறிச் சொன்னது யாரு? பக்கத்து வீட்டு ஷேக்கா?” கரண்டியை அவர் பக்கம் நீட்டிக் கேட்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தார். கொஞ்சம் சிரித்தாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்: “ஒரு தடவைதான் பிடிக்கணும், ஜவாத்.”

காவலர்கள் இருப்பதால் அவளும் அவரை ஷேக் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். தன் பெயரைக் கேட்டு அவருக்குத் திடுக்கென்றது. பிறகுதான் மீதி வார்த்தைகள் காதில் விழுந்தன.

“என்ன சொல்றே?”

“ஐன் ஸைத்தூன்ல அன்னிக்கு நான் காப்பித் தட்டோட வாசல்ல நின்னேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்.”

இயந்திரம் காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. அவருக்கு மட்டும் அது போதவில்லை.

“பதினெட்டு வருஷமாத் தெரியுமா? ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா நஸீஹ் எந்திரிச்சு வந்திருப்பானா?” என்றாள். “போங்க. சீட்டு காத்திருக்கு. எனக்கும் வெங்காயம் கருகுது.”

அறைக்குத் திரும்பிச் சீட்டின் முன் உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பயமாக இருந்தது. பத்து நாடுகள் சேர்ந்து தேடும் மனிதர், அறுபத்து மூன்று வயதில், ஒரு மண் மணிக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை நிறுத்திவைக்க ஏமாற்றுவது என்று முடிவே செய்தாலும் எந்தப் பக்கம் ஏமாற்றுவது? ‘போகட்டுமா’ என்று அவள் கேட்டிருந்தால் ‘வேண்டாம்’ என்று எழுத வேண்டும். ‘இருக்கட்டுமா’ என்று கேட்டிருந்தால் ‘நல்லது’ என்று எழுத வேண்டும். இத்தனை வருஷத்தில் இந்தக் கதவு ஒன்றுதான் அவரால் திறக்க முடியாதபடி சரியாகப் பூட்டியிருந்தது. பூட்டியவள் அடுப்பங்கரையில் இருந்தாள்.

கண்ணை மூடினார். ஸலவாத் சொன்னார். ஒரு தடவை பிடித்தார்.

இரண்டு, இரண்டு, இரண்டு. ஒரு மணி தாமதித்து நகர்ந்தது. இரண்டு. இரண்டு. ஒற்றை மிஞ்சியது.

‘நல்லது’ என்று எழுதினார். எது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பிய ஆயிரக்கணக்கான சீட்டுகளில் எதற்குமே அது தெரிந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹாஜ் வஜீஹ் வந்து டப்பாவை வெளிவாசலில் கொடுக்க எடுத்துக்கொண்டு போனார். எந்த எண் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ ஷேக்கின் முகத்தைப் பார்க்காமல் போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறைத் துளசித் தொட்டிக்கு அடியில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அடுத்த தடவை பார்த்தபோது இல்லை.

அன்று முழுக்க அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலச் சோறு போட்டாள். அவருடைய அங்கியில் தளர்ந்திருந்த பொத்தானைத் தைத்தாள். போகிறவள் பொத்தான் தைப்பாளா? இருக்கிறவள் தைக்க இத்தனை அவசரம் என்ன, நாளைக்குத் தைக்கலாமே? வெள்ளை உடுப்புகளை எல்லாம் துவைத்துக் கயிற்றில் போட்டாள். துவைப்பது வியாழக்கிழமை வழக்கம்தான். கயிறு நிறையப் போட்டாளோ? கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினார். இன்ஸாஃப் அழுத்தம் பார்க்கும் பட்டையையும் காதில் மாட்டும் குழாயையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். காமிராவைத் தவிர மின்கலம் போட்ட கருவி எதற்கும் இங்கே அனுமதியில்லை என்பதால் கையால் அமுக்கிக் காற்றடிக்கிற பழைய வகை. வழக்கமாகத் தானே செய்கிறவள்தான், இன்று வாசல் பக்கம் பார்த்து, “ஹாஜ், கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள்.

ஹாஜ் வஜீஹ் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இந்த நீலக் கோடு முழங்கைக்கு உள்பக்கம் வரணும். ரெண்டு விரல் நுழையற அளவுக்குக் கட்டணும். கட்டுங்க, பார்க்கலாம்.”

“நானா, ஹாஜ்ஜா?” அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

“இனிமே நீங்கதான். வேற யாரு இருக்கா?”

ஹாஜ் ஷேக்கைப் பார்த்தார். ஷேக் சுவர்த் திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு ஹாஜ் குனிந்து, துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் விரல்களால், பட்டையைத் தப்புத் தப்பாகச் சுற்றினார். இன்ஸாஃப் அவிழ்த்துவிட்டாள். மறுபடி சுற்றினார்.

“சரி. காதுல மாட்டிக்கிட்டு இந்த வட்டத்தை இங்க வையுங்க. காத்தடிங்க. இன்னும். போதும். இப்ப மெதுவா விடுங்க. டொக் டொக்னு கேக்கும். ஆரம்பிக்கிறது ஒரு எண், நிக்கிறது ஒரு எண். ரெண்டையும் நோட்டுல எழுதணும்.”

ஹாஜின் இடது காது தெற்கே நடந்த வெடிப்பில் போனது. வலது காதும் பாதிதான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முள் இறங்கிக்கொண்டே வந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே, ஹாஜ்ஜா.”

“மறுபடி அடிங்க.”

மறுபடி காற்று ஏறியது. பட்டை இறுகியது. ஷேக்கின் விரல் நுனிகள் மரத்தன.

“வலிக்குதா?” என்று இன்ஸாஃப் கேட்டாள்.

“இல்லை” என்றார்.

அவள் ஹாஜின் கைமேல் தன் கையை வைத்து, வட்டத்தை நரம்பு ஓடும் இடத்துக்கு ஒரு நூல் நகர்த்தி அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹாஜ் கண்ணை இறுக மூடித் தலையைச் சாய்த்தார். முள் இன்னும் உச்சியிலேயே நின்றது.

“பொறுங்க ஹாஜ்” என்றாள். “கேக்கும்.”