மீட்டர் மாத்திரை போட்ட நாள்

காற்றை அளக்க இந்தப் பயணிகள் படகின் கூரையில் ஒரு கருவி இருந்தது. அது கடைசியாகச் சுற்றி நான்கு வருடமாகிறது. இப்போது அதில் காக்கை உட்காருகிறது. துறைமுக அலுவலகம் எச்சரிக்கைக் கொடி ஏற்றும்தான், புயல் வந்து வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு. அதனால் ஒவ்வொரு படகும் தனக்கென்று ஓர் அளவு வைத்திருந்தது. மீன் படகுக்காரர்கள் பூனையைப் பார்ப்பார்கள். அது வலைக் குவியலிலிருந்து இறங்கி டிரைவர் மடியில் ஏறினால் வீடு திரும்பிவிடுவார்கள். மணல் படகில் சமையல்காரரின் வாய்தான் கணக்கு. பானையைத் திட்டினால் சாதாரணம். முதலாளியைத் திட்டினால் சுமார். பெற்றவர்களைத் திட்ட ஆரம்பித்தால் நங்கூரம் போட்டுவிடுவார்கள்.

இந்தப் பயணிகள் படகுக்கு அளவு, டிக்கெட்காரன்.

டிரைவர் அவனுடைய அக்கா புருஷன். வேலைக்கு அதைத் தவிர வேறு தகுதி அவனிடம் இருக்கவில்லை. எட்டு வருடமாகியும் கடல் அவன் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அந்த வயிறு ஒழுங்கு தவறாதது. டிரைவர் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ஒன்று, பேச்சு நிற்கும். இரண்டு, மேல்பொத்தான் கழலும். மூன்று, கம்பியைக் கட்டிப்பிடிப்பான். நாலு, குடும்பத்தை யாரிடமாவது ஒப்படைப்பான். ஐந்து, வாளி. நாலு வந்தால் படகைத் திருப்ப வேண்டும். அவன் பெயரே மீட்டர் என்றாகிவிட்டது. தினசரிப் பயணிகள் வானத்தைப் பார்ப்பதில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அன்று காலை அவன் யாருக்கும் தெரியாமல் இரண்டு வாந்தி மாத்திரைகளை முழுங்கியிருந்தான். கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து மாமியார் முதல்முறையாக அக்கரையிலிருக்கும் அவன் வீட்டுக்கு வருகிறார். மாப்பிள்ளை கப்பலில் அதிகாரி என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். இதே படகில் அவரோடு போகும் நாற்பது நிமிடம் மட்டும் மானத்தோடு கழிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"மாப்பிள்ளை, ஏன் எல்லாரும் உங்கள மீட்டர்னு கூப்பிடுறாங்க?"

"கடல அளக்குற வேலை அத்தை. நான் சரின்னாதான் படகு போகும்."

பொய்யில்லை. மாமியார் பூரித்துப்போய்ப் பக்கத்திலிருந்த டீச்சரிடம் இதை விளக்கினார். தினமும் வரும் டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். மீட்டரின் பொத்தான் போட்டபடி இருந்தது. முகத்தில் சிரிப்பு வேறு.

"ஜீரோ," என்றார் மெக்கானிக்கிடம். "கரையோரமா சுத்தாம வெளிக்கடல் வழியாவே போயிடலாம்."

பாறை முனையைத் தாண்டியதும் படகின் மூக்கு எழும்பி விழுந்தது. மெக்கானிக்கின் ஸ்பானர் தரையில் வழுக்கிப் படிக்கட்டு வரை போனது.

"அண்ணே, அலை ஒரு மாதிரி இருக்கு."

"மீட்டரப் பாருடா. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான். இதெல்லாம் ஒரு அலையா?"

மாமியார் தன் நாத்தனார் வீட்டுக் குழாய் ஒழுகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பிளம்பர் இருக்கானே, அவன்..." என்றவர் நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தையும் பாதியில் விட்டறியாதவர். அவனுக்குச் சுருக்கென்றது. தன் வயிற்றைக் கவனித்தான். பூட்டிய வீடு மாதிரி அமைதி.

அவர் ஸ்வெட்டரின் மேல்பொத்தானைக் கழற்றினார். பிறகு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவனுடைய கம்பி.

"மாப்பிள்ளை... எம் பொண்ண நல்லாப் பாத்துக்கோங்க. கோவக்காரிதான், மனசுல ஒண்ணும் இருக்காது. பீரோ சாவி பழைய ஹேண்ட்பேக்ல..."

நாலு.

சொன்னால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் மொத்தப் படகும் நடுக்கடலுக்குப் போகும். மானம் பெரிதுதான், ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியாது. டிரைவர் அறைக்கு ஓடினான்.

"மாமா, திருப்புங்க! நாலு!"

"யாருக்குடா நாலு? நீ கல்லு மாதிரி நிக்கிற."

"நான் மாத்திரை போட்டிருக்கேன். ரெண்டு. அத்தையப் பாருங்க!"

டிரைவர் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அடப்பாவி! மீட்டரக் கெடுத்துட்டியேடா! அது என்ன உன் சொந்த வயிறுன்னு நெனப்பா? படகோட சொத்துடா!"

கதவு திறந்திருந்தது. படகு முழுக்கக் கேட்டது.

டிரைவர் இரண்டு பெரிய அலைகளைப் போகவிட்டார். மூன்றாவது வருவதற்குள் சுக்கானை ஒடித்துத் திருப்பினார். படகு பக்கவாட்டில் சாய்ந்தது. பைகள், செருப்புகள், டிக்கெட் பெட்டி எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. யாரோ கத்தினார்கள். பிறகு படகு நிமிர்ந்தது. மூக்கு கரையைப் பார்த்தது, அலை பின்னாலிருந்து தள்ளியது. மெக்கானிக் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். மாமியார் ஐந்துக்குப் போனார். வாளியை மருமகன்தான் பிடித்துக்கொண்டான்.

புறப்பட்ட படித்துறையிலேயே திரும்ப இறங்கியவர்கள் யாரும் சண்டை போடவில்லை. தரையை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டேயிருந்தார். துறைமுக அலுவலகத்தில் அப்போதுதான் சிவப்புக் கொடி ஏறிக்கொண்டிருந்தது.

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து முகம் கழுவினார்.

"அப்போ நீங்க ஆபீசர் இல்ல."

"இல்ல அத்தை. டிக்கெட் கிழிக்கிறேன்."

"கடல அளக்குறதுன்னா வாந்தி எடுக்குறதா?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எங்க வீட்டுக்காரர் ஜலதோஷத்துக்கே ஒரு வாரம் லீவு போடுவார்," என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பேசவில்லை. அவனுக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கினாற்போலிருந்தது.

டிரைவர் வந்து அவன் சட்டைப் பையிலிருந்த மீதி மாத்திரைகளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "அம்மா, நீங்க அளவு சுத்தமாக் காட்டுறீங்க. மாசம் ரெண்டு தடவ வந்து போனா நல்லாருக்கும்."

"பஸ் எங்க நிக்கும்?" என்றார் மாமியார்.

அக்கரைக்குச் சுற்றுவழியில் பஸ்ஸுக்கு நாலு மணி நேரம். இருவரும் ஏறி இரண்டு மணி நேரம் போனதும் மலைப்பாதை வந்தது. மாமியாருக்குத் தெம்பு திரும்பியிருந்தது. பிளம்பர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்துவிட்டார். மூன்றாவது வளைவில் மாத்திரை தன் வேலையை முடித்துக்கொண்டது. அவன் பேச்சு நின்றது. கை தானாக மேல்பொத்தானுக்குப் போனது.

மாமியார் கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து உதறி விரித்தார்.

"ரெண்டா, மூணா மாப்பிள்ளை?"

அவன் முன் இருக்கைக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி மூன்று விரலைக் காட்டினான்.

"டிரைவர்!" என்று பஸ் அதிர அதட்டினார் அவர். "மூணு வந்திருச்சு, மெதுவாப் போப்பா!"