சிவப்பு டம்ளரா, நீல டம்ளரா

இரண்டு வயதுக் குழந்தையிடம் "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்பவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. அந்த வயதில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்ற ஒரே பதில்தான் வரும். "சிவப்பு டம்ளர்ல குடிக்கிறியா, நீல டம்ளர்லயா?" என்று கேட்க வேண்டும். நீலம் என்று ராஜா மாதிரி உத்தரவு போட்டுவிட்டு மடமடவென்று குடித்துவிடும். குடிக்காமலே இருக்கலாம் என்பது அதற்குத் தோன்றவே தோன்றாது. குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேடம் தட்டக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வித்தை இது.

மேடம்தான் காப்பகத்தின் சொந்தக்காரி. தட்டக்கா என்பது குழந்தைகள் வைத்த பெயர். மதியம் பதினாறு சின்ன மெத்தைகளை விரித்துப்போட்டு, இரண்டு கையால் இரண்டு முதுகைத் தட்டி, நீட்டிய காலில் மூன்றாவதை ஆட்டி, அரை மணி நேரத்தில் மொத்தக் கூட்டத்தையும் தூங்கவைத்துவிடுவாள். வக்கீல் ஒருவரின் மகள், உருண்டை என்று செல்லப்பெயர், தட்டக்காவின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் கண்ணை மூடும். ஏழு வருஷமாக இதே வேலை. இந்த ஏழு வருஷத்தில் சம்பளம் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் தட்டக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

பேச்சை மாற்ற முடியாத இடம் வீடு. அந்த வாரம் நாத்தனார் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் வேலை செய்யும் சலவைக்கடையில் துணி மடிக்க ஆள் வேண்டுமாம், சம்பளம் ஒன்றரை மடங்காம், வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"சட்டை கடிக்காது, முதுகுல வாந்தி எடுக்காது, அம்மா எப்ப வருவாங்கன்னு நூறு தடவை கேக்காது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். "நான் ஏத்துறது அட்டைப்பெட்டி, நீ தூக்குறது குழந்தை. பெட்டிக்குத்தான் கூலி ஜாஸ்தியா இருக்கு" என்று மட்டும் சொன்னான். அவன் குத்திக்காட்டவில்லை, இருப்பதைச் சொன்னான். அதனால்தான் சுருக்கென்றது. தட்டக்காவுக்குப் போக மனசில்லை. ஆனால் வீட்டு வாடகை ஏறிவிட்டது, பாசத்தைக் கொடுத்தால் வீட்டுக்காரர் ரசீது தரமாட்டார்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. மூன்று தடவை கேட்டிருக்கிறாள். முதல் தடவை, "இப்பப் பேசலாமா, பரபரப்பெல்லாம் அடங்கினப்புறம் நிதானமாப் பேசலாமா?" என்றார் மேடம். நிதானமாகவே பேசலாம் என்றாள் இவள். பதினாறு குழந்தை இருக்கிற இடத்தில் பரபரப்பு எந்தக் காலத்தில் அடங்கும்? அடுத்த தடவை, "சனிக்கிழமை அரைநாள் லீவு வேணுமா, புது ஏப்ரன் வேணுமா?" லீவுதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடித்ததுபோல வீட்டில் போய்ச் சொன்னாள். மூன்றாவது தடவை அந்த ஏப்ரனும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை உருண்டைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. டம்ளர் வழிந்து தரையெல்லாம் தண்ணீர். ஏழு வருஷமா எனக்கே நீல டம்ளரை நீட்டியிருக்காங்க என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தரையைத் துடைத்தாள்.

புதன்கிழமை மாலை, கடைசிக் குழந்தையும் போன பிறகு மேடத்தின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அங்கே இருப்பதெல்லாம் பொடிசுகளின் நாற்காலி, இரண்டு பேருக்கும் முழங்கால் மோவாயைத் தொட்டது. சலவைக்கடை விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தச் சம்பளத்தை இங்கயே குடுத்தா நான் போகலை மேடம். இந்த மாசத்துலேர்ந்து குடுக்கிறீங்களா, அடுத்த மாசத்துலேர்ந்தா?"

மேடம் கட்டட வாடகையைச் சொன்னார், ஒழுகும் கூரையைச் சொன்னார். உன்னைத் தங்கச்சி மாதிரி நினைச்சேனே என்று கண் கலங்கினார். அப்புறம் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தரையில் புரண்டு அழும் குழந்தையோடு வாதாடக் கூடாது, விட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டக்கா உட்கார்ந்திருந்தாள். மேடம் மூக்கைச் சிந்தி முடித்ததும் அதே குரலில் திரும்பக் கேட்டாள்.

"இந்த மாசமா, அடுத்த மாசமா?"

"அடுத்த மாசம்தான். இந்த மாசம் முடியவே முடியாது" என்றார் மேடம் கறாராக.

"சமத்து" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கை அதற்கும் ஒரு படி மேலே போய், சமத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டும் ஸ்டார் ஸ்டிக்கர் ஒன்றை ஏப்ரன் பையிலிருந்து எடுத்து உரித்து மேடத்தின் புறங்கையில் ஒட்டிவிட்டது. நாளுக்கு இருபது தடவை செய்கிற கை, அதற்கு ஆள் அடையாளமா தெரியும்? இரண்டு பேரும் அந்த ஸ்டாரையே பார்த்தார்கள். தட்டக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள், வேலை போச்சு என்றே நினைத்தாள்.

"நான் சொல்லிக்குடுத்த வித்தை, எங்கிட்டயேவா?" என்று கேட்டுவிட்டு மேடம் சிரிக்க ஆரம்பித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார். பணம் பெற்றோரிடமிருந்துதான் வந்தாக வேண்டும், அவர்கள் சம்மதித்தால்தான் உண்டு. போன தடவை கட்டணத்தைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு உருண்டையின் அப்பா இரண்டு பக்க ஆட்சேபணை எழுதி, மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர்.

"கூட்டலாமான்னு ஏன் மேடம் கேட்டீங்க?" என்றாள் தட்டக்கா.

வியாழக்கிழமை எல்லாக் குழந்தையின் டைரியிலும் ஒரு சீட்டு போனது. பணியாளர் சம்பளத்துக்காகக் கட்டணம் கூடுகிறது, கூடுதல் தொகையை மாதம் ஒன்றாம் தேதி கட்டுகிறீர்களா, ஐந்தாம் தேதியா? வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதினைந்து சீட்டு திரும்பி வந்தது. பதினைந்திலும் ஐந்தாம் தேதிக்கு டிக். பாக்கி வக்கீல் ஒருவர்தான். அவர் மறுபடி ஆட்சேபணை எழுதினால் மற்ற பதினைந்து பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள். நாத்தனார் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், தட்டக்கா எடுக்கவில்லை.

வக்கீல் எல்லாருக்கும் கடைசியாக வந்தார். சீட்டை நீட்டினார்.

"அஞ்சாம் தேதி. ஒண்ணாம் தேதிக்கெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன், மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் சார்" என்றாள். சீட்டை வாங்கி மற்ற பதினைந்தோடு சேர்த்து வைத்தாள்.

மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி தட்டக்காவின் இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். தட்டக்கா சொன்னாள்.

"வாரத்துக்கா?"

"மாசத்துக்கு சார்."

கோர்ட்டில் மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர், வலது செருப்பை மகளின் இடது காலில் மாட்டினார். உருண்டை எட்டித் தட்டக்காவின் காதைப் பிடித்துக்கொண்டது. வக்கீல் அந்தக் கையைப் பார்த்தார். சீட்டைத் திரும்ப வாங்கி, ஐந்தை அடித்துவிட்டு ஒன்றில் டிக் போட்டார்.

"அப்பாக்கு ஸ்டார்" என்றது உருண்டை.

தட்டக்கா ஏப்ரன் பையில் கைவிட்டாள். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, அவள்தான் போகச் சொன்னாள்.

"எந்தக் கையில ஒட்டட்டும் சார், இடதா வலதா?"

அவர் வலது கையை நீட்டினார்.